ஒரே சட்டி மண்டி, மூன்று பத்தியம்

அப்பத்தாவுக்குச் சர்க்கரை, ஐயாவுக்கு ரத்தக்கொதிப்பு, பேரனுக்குக் கோதுமை ஆகாது. காரைக்குடிப் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் இன்று ஏராளம். இதில் மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சமைக்க ஆரம்பித்தால் சிலிண்டரும் பத்தாது, மாதச் சம்பளமும் பத்தாது, சமைப்பவரின் இடுப்பும் தாங்காது. அப்படிச் சமைக்கத் தேவையும் இல்லை. நம்முடைய அன்றாடக் குழம்புகள் படிப்படியாக வைக்கப்படுபவை. உப்பு எப்போது, தாளிப்பு எப்போது, தேங்காய் எப்போது என்று அதற்கொரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் எந்த இடத்தில் இரண்டு கரண்டி எடுத்துத் தனியே வைக்க வேண்டும் என்று தெரிந்தால், ஒரே சட்டியில் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும்.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் மிளகுக்கோழியையும் மிதக்கும் எண்ணெயையும்தான் நினைக்கிறார்கள். விருந்துச் சமையல் வேறு, வீட்டுச் சமையல் வேறு. மண்டி, தண்ணிக்குழம்பு, கோசமல்லி, துவையல் எல்லாம் சிக்கனத்தில் பிறந்தவை. அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் மண்டி என்ற புளிப்புக் குழம்பாக்கிய ஊர் இது.

முதலில் வெண்டைக்காய் மண்டி. நாலு பேருக்குக் கால் கிலோ வெண்டைக்காய், அரை கப் உலர்ந்த மொச்சை, உரித்த சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், பச்சை மிளகாய் 5 அல்லது 6, தக்காளி 1, எலுமிச்சை அளவு புளி, அரிசி கழுவிய தண்ணீர் 2 கப், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. கசகசா, முந்திரி, தேங்காய் எதுவும் வேண்டாம். செலவு குறைவதே அங்குதான்.

மொச்சையை முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும், 8 முதல் 10 மணி நேரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் குக்கரில் 4 விசில். இங்கே உப்பு போடாததற்குக் காரணம் உண்டு. மொச்சைக்குள் ஏறிய உப்பைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஐயாவின் பங்கு இங்கேயே பாதுகாக்கப்படுகிறது. இன்னொன்று, மொச்சை முழுதாக வேகும் முன் புளி படக்கூடாது. புளிப்பு ஏறிவிட்டால் தோல் இறுகிவிடும், எத்தனை விசில் விட்டாலும் பல்லில் கடிபடும்.

அரிசியைக் கழுவும்போது முதல் தண்ணீரில் தூசியும் உமியும்தான் இருக்கும். அது கறிவேப்பிலைச் செடிக்குப் போகட்டும். இரண்டாம் முறை கையால் நன்றாகப் பிசைந்து கழுவி எடுப்பதுதான் மண்டிக்கான கழனி. பச்சரிசிக் கழனி பால் மாதிரி திக்காக வரும். ரேஷன் புழுங்கல் அரிசியில் அப்படி வராது. நெல்லை அவிக்கும்போதே மாவு உள்ளே இறுகிவிடுவதால் தண்ணீர் வெளிறித்தான் இருக்கும். அதற்கு ஒரு தேக்கரண்டி பச்சரிசி மாவைக் கழனியிலேயே கரைத்துக்கொண்டால் போதும். கூடுதலாகப் போட்டால் ஆறியதும் மண்டி கூழாகிவிடும்.

ரேஷன் அரிசியைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். கழுவும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறித் தெரியும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அவற்றைப் பொறுக்கி எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் வார்த்த செறிவூட்டிய மணிகள். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் சத்து மாத்திரையை இலவசமாகக் கிடைக்கும்போது குப்பையில் போட வேண்டாம். பலமுறை தேய்த்துக் கழுவாமல் இரண்டு தடவையோடு நிறுத்துங்கள். தலசீமியா உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழனியிலேயே புளியை ஊற வைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வெண்டைக்காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும், ஒரு விரற்கடை நீளம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மூடாமல், உப்பு போடாமல் 7, 8 நிமிடம் வதக்குங்கள். மூடினால் ஆவி உள்ளே விழுந்து கொழகொழப்பு அப்படியே நிற்கும். உப்பு போட்டால் காய் தண்ணீர் விட்டு இன்னும் மோசமாகும். நூல் விடுவது நின்றதும் காயைத் தனியே எடுத்து வைத்துவிடலாம்.

அதே சட்டியில் மீதி எண்ணெய். நல்லெண்ணெயாக இருந்தால் மணம் தனி. ரேஷன் பாமாயிலிலும் வைக்கலாம். கடுகு, உளுந்து, நாலு வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, கீறிய மிளகாய், கடைசியில் தக்காளி. பூண்டு வெந்து நசுங்கும் பதம் வந்ததும் மொச்சையை வேகவைத்த தண்ணீரோடு ஊற்றிப் புளிக்கழனியையும் ஊற்றுங்கள். பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் கொதித்தால் பச்சை வாசனை போய்விடும். அதன் பிறகு வெண்டைக்காய். இன்னும் ஐந்து நிமிடம்.

பிரிக்க வேண்டிய இடம் இதுதான். உப்பு விழுவதற்கு முன் ஐயாவுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். அதில் இரண்டு விரல் கிள்ளு உப்பு போதும். மண்டியில் புளிப்பும் பச்சை மிளகாய்க் காரமும் தூக்கலாக இருப்பதால் உப்புக் குறைவு நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. பருப்புக் குழம்பில் இந்த வித்தை இவ்வளவு சுலபமாகப் பலிக்காது. மீதிச் சட்டிக்கு முக்கால் தேக்கரண்டியில் ஆரம்பித்து ருசி பார்த்துச் சேருங்கள். தேங்காய் சேராததால் காலையில் வைத்த மண்டி இரவு வரை நிற்கும். மறுநாளுக்கென்றால் நன்றாக ஒரு கொதி விட்டு ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

உப்புக் கணக்கைத் தினமும் பார்ப்பது கஷ்டம். பாக்கெட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேர் வீட்டில் அது 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்பு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பல வீடுகளில் மாதத்துக்கு ஒன்று காலியாகிறது. அதற்கு மேல் அப்பளம், வத்தல், ஊறுகாய், உப்புக்கண்டம், கருவாடு வழியாக வருவது தனி. ரத்தக்கொதிப்பு உள்ளவர் தட்டில் முதலில் நிறுத்த வேண்டியது அப்பளமும் ஊறுகாயும். குழம்பில் உப்பைப் பாதியாக்கிவிட்டுப் பக்கத்தில் ஊறுகாய் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். இந்துப்பு வாங்கினால் தப்பலாம் என்பதும் வீண்செலவு. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

அப்பத்தா விஷயத்துக்கு வருவோம். மண்டியில் அவருக்கு மாற்ற வேண்டியது எதுவுமில்லை. மாற வேண்டியது சோறு. சோற்றைக் கண்ணால் அளப்பதை விட்டுக் கிண்ணத்தால் அளக்கப் பழகுங்கள். 50 கிராம் அரிசி வெந்தால் ஏறத்தாழ 150 கிராம் சோறு, அதில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து. ஒரு வேளைக்கு அந்த ஒரு கிண்ணம், அதற்கு ஈடாக மொச்சையும் காயும், முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சோறு. கஞ்சி வடித்துவிட்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. வடித்த சோறும் சோறுதான், கொஞ்சம் மாவுதான் கஞ்சியோடு போகும். ஒரு எச்சரிக்கை: இன்சுலின் போடுகிறவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

கருப்புக் கவுனி சர்க்கரைக்கு நல்லது என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். கவுனி அரிசி நல்ல அரிசிதான். ஆனால் நாம் அதைச் சமைப்பது அரிசிக்குச் சரி பாதியோ அதற்கு மேலோ சர்க்கரை கொட்டி, நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டு. அதைச் சர்க்கரை உள்ளவருக்குக் கிண்ணத்தில் வைத்து ‘கவுனிதானே’ என்பது நியாயமில்லை. உளுந்து மாவில் கிளறும் இனிப்பான கும்மாயமும் அப்படித்தான். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் அது சர்க்கரையே. அந்தக் காசுக்கு மொச்சை, காராமணி வாங்கினால் மாதம் முழுக்கச் சுண்டலுக்கு ஆகும்.

பருப்பைப் பற்றி. ரேஷனில் வரும் துவரம்பருப்பு சில மாதம் எத்தனை விசில் விட்டாலும் மசியாது. பழைய பருப்பு ஒரு காரணம், ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீர் இன்னொரு காரணம். சமையல் சோடா போடாதீர்கள், அது ரத்தக்கொதிப்புக்கு ஆகாத அதே சோடியம். அரை மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, புளியும் தக்காளியும் இல்லாமல் வேக வைத்தால் மசிந்துவிடும். பெரிய வீடுகளின் முற்றத்தில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்த பழக்கத்துக்கு நல்ல காரணம் இருந்தது. சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரில் பருப்பு பூவாக மலரும்.

காலைப் பலகாரத்துக்குச் சாம்பார் வைக்கப் பருப்பில்லாத நாளில் கோசமல்லி. பிஞ்சுக் கத்தரிக்காய் கால் கிலோவை வேகவைத்துத் தோலுரித்துக் கையால் மசித்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி தாளித்து ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் முடிந்தது. விதை முற்றிய காய் கசக்கும். சிலர் உருளைக்கிழங்கும் மசித்துச் சேர்ப்பார்கள், அப்பத்தா சாப்பிடும் வீட்டில் அதை விட்டுவிடலாம்.

கடைசியாகக் கோதுமை ஆகாத பிள்ளைகள். இட்லி, இடியாப்பம், பணியாரம், சீடை என்று நம் பலகாரத்தில் பெரும்பாலானவை அரிசியும் உளுந்தும்தான். அவர்களுக்கு இதைவிடத் தோதான சமையல் கிடைப்பது அரிது. ஆனால் கோதுமை எதிர்பாராத மூன்று வழிகளில் வரும். ஒன்று, பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், அல்லது பூண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்டிக்குப் பெருங்காயம் தேவையே இல்லை. இரண்டு, அரவை மில். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் நம் பச்சரிசி விழுந்தால் முதலில் வரும் மாவு முழுக்கக் கலப்படம். பத்திய வீட்டு மாவுக்கு அரிசியை ஊற வைத்து மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே நல்லது. மூன்று, சப்பாத்தி சுட்ட அதே தோசைக்கல். தனிக்கல் வாங்க வசதியில்லை என்றால் பணியாரக்கல்லை அந்தப் பிள்ளைக்கென்றே ஒதுக்கிவிடலாம்.

குழிப்பணியாரத்துக்கு ரேஷன் புழுங்கல் அரிசியே போதும். புழுங்கல் 1 கப், பச்சரிசி 1 கப், உளுந்து அரை கப், வெந்தயம் 1 தேக்கரண்டி. நாலு மணி நேரம் ஊற வைத்து அரைத்து 8 மணி நேரம் புளிக்க விடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் நாலைந்து சொட்டு எண்ணெய் போதும். ஒட்டிக்கொண்டால் கல் சூடேறவில்லை, அல்லது மாவு நீர்த்துவிட்டது என்று பொருள். இரண்டு கரண்டி அரிசி மாவைக் கலந்து, குழியில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று பறக்கும் வரை காத்திருந்து ஊற்றுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இங்கே சொன்ன மொச்சையும் தக்காளியும் பருப்பும் அப்படியே பொருந்தாது. அவருக்கான அளவை மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் எழுதி வாங்கி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்துச் சமையுங்கள்.