மேல்மாடித் தாத்தாவின் சாட்டின் ஜாக்கெட்

மேல்மாடியில் இருக்கும் யூதத் தாத்தா நேற்று ஒரு பழைய நீலச் சாட்டின் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினார். முதுகில் கிளப் பெயர். கடைசி எழுத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில், பிரவுன்ஸ்வில் என்ற பகுதியில் அவர் சிறுவனாக இருந்தபோது தெருவுக்குத் தெரு கிளப்பாம். சந்தா சேர்ப்பதைவிடப் பெயர் வைப்பதில்தான் சண்டை அதிகம்!

1940இல் பள்ளி மைதானங்களில் பெரிய பையன்களுக்கு இடமில்லை என்றானதும், பையன்களே கூடி பிரவுன்ஸ்வில் பாய்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் அப்புறம்தான் வந்தார்கள். துணிக்கடைக்காரர் ஏப் ஸ்டார்க் தலைவரானார். எபெட்ஸ் ஃபீல்டு என்ற புரூக்ளின் பேஸ்பால் மைதானத்தில், பந்து இந்தப் பலகையில் பட்டால் சூட் இலவசம் என்று விளம்பரம் வைத்தாரே, அவரேதான். 1953இல் சொந்தக் கட்டடமே வந்துவிட்டது.

"சரி, எங்களுக்கு ஒரு ஈர நிலவறைதான் கிளப்" என்றார் தாத்தா, எட்டாத பொத்தானைப் போட முயன்றபடி.