சுருட்டப்பள்ளி மதிலோரம் படுத்திருந்தவர்

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் ஆரணி ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. ஊர்ப் பலகை தெலுங்கில் இருக்கும், பூக்கடைப் பேச்சில் தமிழும் கேட்கும். ஆலகால விஷத்தை உண்ட ஈசன், அம்பிகையின் மடியில் தலை சாய்த்துப் பள்ளிகொண்ட தலம். வால்மீகேஸ்வரரையும் மரகதாம்பிகையையும் தொழுது பள்ளிகொண்டீஸ்வரர் முன்னே நின்றால், வெளியே மதிலோரம் சாக்கை விரித்துப் படுத்திருந்த பெரியவரும் நினைவில் வந்து நிற்கிறார்.

பிரதோஷம் தவறமாட்டார். அபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்ததும், மிதிபட்டுக் கிடக்கும் வில்வத்தையும் அறுகையும் பொறுக்கிச் சேர்த்த பிறகுதான் பிரசாதத்துக்குக் கை நீட்டுவார். எல்லாரும் ‘சாமி’ என்று கும்பிட்டார்களே தவிர, பேர் கேட்டவர் இல்லை. அவர் கண்மூடிய அன்று அந்தக் குறைதான் பெரிதாய் நின்றது. ஆகவே வாசலில் இருப்பவருக்கு அன்னம் கொடுக்கும்போதே பேர், தகப்பனார் பேர், சொந்த ஊர், உறவினர் எண் நான்கையும் கேட்டு எழுதி வையுங்கள். மரியாதை அங்கேயே தொடங்க வேண்டும்.

இப்படி ஆதரவற்ற ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால், உயிர் இருந்தால் 108. பிரிந்துவிட்டால் உடலை நகர்த்தக் கூடாது. எல்லையூர்களில் நடக்கும் பெரிய தவறு இதுதான்: பதற்றத்தில் ஆட்டோவில் ஏற்றி அடுத்த மாநில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு எந்தக் காவல் நிலையம் வழக்குப் பதிவது என்ற இழுபறியில் உடல் சவக்கிடங்கில் காத்துக் கிடக்கும். இறந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதை வைத்து அது முடிவாவதில்லை. உடல் கிடந்த இடமே கணக்கு. இறப்புப் பதிவும் அங்கேதான்.

காவலர் விசாரணை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 194-ஆம் பிரிவின்படி நடக்கும். அக்கம்பக்கத்தவர் இருவராவது உடனிருக்க வேண்டும். கோர்ட்டுக்கு அலையவேண்டி வருமோ என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக் கையெழுத்திடுவதும் கைங்கரியம்தான். பையில் இருந்த பொருள்கள், மச்சம், தழும்பு எல்லாம் பட்டியலில் ஏறினவா என்று பாருங்கள். பின்னாளில் பிள்ளைகள் தேடி வந்தால் அந்தக் காகிதம்தான் வழிகாட்டும்.

உறவு தேடச் சில நாள் போகும். பிறகும் யாரும் வராவிட்டால் அடக்கம். எரிக்காமல் புதைப்பதற்குக் காரணம் உண்டு: உறவினர் பின்னால் வந்தாலும் தோண்டி அடையாளம் பார்க்கலாம். வீடற்றோருக்கும் கண்ணியமான அடக்கம் உரிமை என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் காவல் நிலையத்தில் தயங்காமல் கேட்கலாம்.

குழி ஏழடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி ஆழம். ஞானியரை அடக்கம் செய்யும் குகைக்குத் திருமூலர் சொன்ன ஒன்பது சாணும் ஏறக்குறைய இதே ஆழம்தான். சரளை மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை என்று மூன்றடியில் நிறுத்தினால் நாய் கிளறிவிடும். ஆற்றோர மணலில் செங்குத்தாக வெட்டினால் பக்கம் சரியும்; மேல்வாயைச் சற்று அகலமாக்கிச் சரிவாக இறங்க வேண்டும். மழைக்காலத்தில் ஊற்று சுரக்கும், மேட்டு நிலம் பாருங்கள்.

சவக்கிடங்கில் சுற்றிய பிளாஸ்டிக்கோடு புதைத்தால் உடல் எளிதில் மக்காது. உடல் நல்ல நிலையில் இருந்தால் பிளாஸ்டிக்கை நீக்கி, கோடித் துணி போர்த்துங்கள். கையுறை அவசியம். சிவனடியார் என்று உட்கார்த்தி வைக்க விரும்புவார்கள்; பிரேதப் பரிசோதனை முடிந்து விறைத்த உடலை மடக்குவது வதை. தெற்கே தலைவைத்துக் கிடத்தினால் போதும். நெற்றி நிறையத் திருநீறு, மார்பில் வில்வம், சுற்றிலும் உப்பு, ஆளுக்கு மூன்று பிடி வாய்க்கரிசி, ஐந்தெழுத்து. மேலே ஒரு கல் நட்டு, காவல் நிலைய வழக்கு எண்ணையும் தேதியையும் ஆழமாகப் பொறிக்க வேண்டும். சுண்ணாம்பில் எழுதினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

திதி தெரியாதவருக்கு மஹாளய அமாவாசை இருக்கிறது. ஆற்றங்கரையில் தம் முன்னோருக்கெல்லாம் நீர் விட்டு முடித்தபின், தாயும் தகப்பனும் பங்காளியும் இல்லாதவர்க்கென்று கடைசியாக ஒரு முறை உண்டு. தர்ப்பையை அவிழ்த்து எள்ளும் நீரும் விடுவார்கள். அந்தக் கை நீரை அவசரமாக உதறிவிடாமல், அவரை நினைத்து விடுங்கள்.