அம்மாவின் ஐசி நம்பரில் ஒரு நாள் கூடியிருந்தது

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த பஸ்ஸில் அம்மாவின் பேர்ஸ் தொலைந்துபோனது. காசு பெரிதாக இல்லை. ஆனால் ஐசி என்று நாங்கள் சொல்லும் தேசிய அடையாள அட்டை அதற்குள்தான் இருந்தது. முறைப்பாடு எழுதப் போனபோது பொலிஸ்காரர் கேட்ட முதல் கேள்வியே, "ஐசி நம்பர் என்ன அம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

அந்த அட்டையை அம்மா உயிரைப்போலக் காத்தவர். சண்டைக் காலத்தில் ஐசி இல்லாமல் படலையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அம்மா முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான். ஒவ்வொரு செக் பொயின்ற்றிலும் எடுத்து நீட்டியிருக்கிறார், வாங்கித் திரும்ப வைத்திருக்கிறார். ஆனால் நீட்டியதுதான், எண்ணைச் சொல்லும்படி ஒருவரும் கேட்டதில்லை. இப்போது காலம் வேறு. கிளினிக்குக்குப் போன் எடுத்தாலும், வங்கியிலிருந்து அழைப்பு வந்தாலும், ஒரு படிவம் நிரப்பினாலும் வாயால் சொல்லவேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பழைய வங்கிப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. 54683 என்று தொடங்கும் ஒன்பது இலக்கம், கடைசியில் ஆங்கில 'வி' எழுத்து. அதைக் கொண்டுபோய் முறைப்பாட்டைப் பதிந்தோம். பிறகு நடந்த அலைச்சலை விரிவாக எழுதவில்லை. பொலிஸ் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், பதிவுள்ள ஸ்ரூடியோவில் எடுத்த படம், பிரதேச செயலகம். இத்தனையும் கையில் இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் வேலை நடக்கிறது. ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் போகிறது.

புதிய அட்டை வந்த அன்றுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ரை நம்பர் இல்லைப் பிள்ளை" என்றார். பன்னிரண்டு இலக்கம். 'வி' இல்லை. 1954 என்று தொடங்கியது.

2016 ஜனவரியிலிருந்து பன்னிரண்டு இலக்க எண்தான் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு அது போதவில்லை. பழையதும் புதியதும் ஒரே ஆளுடையவை என்று அவருக்குக் கண்ணால் காட்டவேண்டும். இரண்டையும் ஒரு கொப்பியில் மேலும் கீழுமாக எழுதினேன். பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, 54. புதியதில் அதுவே முழுதாக 1954. அடுத்த மூன்று இலக்கம் இரண்டிலும் ஒன்றே, 683. அதன் பின் புதியதில் ஒரு சைபர் புகுந்திருக்கிறது. அதற்குப் பின் வரும் நாலு இலக்கமும் பழையதில் இருந்தபடியே இருக்கின்றன. முன்னால் ஒரு 19, நடுவில் ஒரு சைபர், பின்னால் எழுத்து இல்லை. வேறு ஒன்றும் மாறவில்லை.

"அப்ப இந்த 683 என்ன?" என்று கேட்டார்.

பிறந்த நாள்தான் அது. ஜனவரி முதலாம் தேதியை ஒன்று என்று வைத்து, பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எண்ணி எழுதுகிறார்கள். பெண்ணென்றால் அதோடு ஐந்நூறைக் கூட்டுகிறார்கள். ஐந்நூறைக் கழித்தால் 183. அம்மா பிறந்தது யூலை 1.

சொல்லிவிட்டு, நானே ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம் என்று நாட்காட்டியை எடுத்தேன். ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, யூன் 30. மொத்தம் 181. யூலை 1 என்றால் 182. அட்டையில் இருப்பது 183. திரும்ப எண்ணினேன். திரும்பவும் 182.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவருடைய பிறப்புச் சான்றிதழில் யூலை 1. அட்டையின் முன்பக்கத்திலும் யூலை 1. எண்ணுக்குள் மட்டும் யூலை 2 இருப்பதுபோலத் தெரிந்தது. எங்கள் ஊரில் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழையால் வருடக்கணக்கில் கந்தோர் ஏறி இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இந்த வயதில் அம்மாவுக்கு அப்படி ஒன்று வரக்கூடாதே என்று எனக்கும் நெஞ்சு அடித்தது.

அன்றிரவு வீட்டிலிருந்த எல்லாருடைய எண்களையும் எடுத்து வைத்தேன். நான் பிறந்தது 1986 மார்ச் 15. நாட்காட்டிப்படி 74ஆவது நாள். என் அட்டையில் 575. அப்படியானால் 75. எனக்கும் ஒரு நாள் கூட! தம்பி 1989 ஜனவரி 20, அவனுடையதில் 020, சரியாக இருந்தது. அக்கா 1984 செப்டெம்பர் 10. அவளுடையதில் 754, அதாவது 254. அதுவும் நாட்காட்டியோடு அச்சொட்டாகப் பொருந்தியது.

எனக்கும் அம்மாவுக்கும் பிழை, மற்ற இருவருக்கும் சரி. கொஞ்ச நேரம் அந்த நாலு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1984 லீப் ஆண்டு. தம்பி பிறந்தது பெப்ரவரிக்கு முன். அப்போதுதான் விளங்கியது. இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள். லீப் ஆண்டோ இல்லையோ, மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள்தான். ஆகவே சாதாரண ஆண்டில் மார்ச் முதலாம் தேதியோ அதற்குப் பின்னோ பிறந்த எல்லாருக்கும் நாட்காட்டியைவிட ஒன்று கூடித்தான் இருக்கும். இப்படி வைத்தால் ஆண்டு எதுவென்று பாராமலே ஒரு தேதிக்கு ஒரே எண் வரும். பிழை ஒன்றும் இல்லை.

அம்மாவை எழுப்பிச் சொன்னேன். விரல் மொழிகளில் ஜனவரியிலிருந்து தானே எண்ணினார். பெப்ரவரிக்கு 29 போட்டு 183 வந்தபோது, "சரி, நான் பிறந்த நாள்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

இந்த விளக்கம் அட்டையோடு ஒரு சின்னத் தாளில் அச்சடித்து வந்தால் எத்தனை பேருடைய பயம் தீரும்! எங்களுக்கு அது வங்கியிலும் உதவியது. கருமபீடத்தில் இருந்தவர், "எங்கட பதிவில இருக்கிற நம்பர் வேற, இது வேற" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தார். நான் கொப்பியை விரித்து, சைபர் புகுந்த இடத்தைக் காட்டினேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அம்மாவின் கோப்பில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதிய ஒரு தாள் எப்போதும் இருக்கிறது. பழைய எண்ணில் பதிந்த காணி உறுதி, வைப்புப் புத்தகம் எதுவாயினும் அது தேவைப்படும்.

பாடமாக்கும் வேலை அதற்குப் பிறகுதான். விளங்கிய பகுதி அம்மாவுக்கு ஒரே நாளில் ஏறிவிட்டது. ஆண்டு தெரிந்ததுதான். ஆறு மாதமும் முடிந்து அடுத்த நாள் 183, பொம்பிளைக்கு ஐந்நூறு, ஆக 683. பிறகு சைபர். மிச்சம் நாலு இலக்கம். அதில் முதல் மூன்றும் அதே நாளில் பிறந்த பலரைப் பிரித்துக்காட்டும் வரிசை எண். அதற்கு அர்த்தம் தேட முடியாது, வாயால் சொல்லிச் சொல்லித்தான் பழகவேண்டும். அம்மா அரிசி களையும்போதும் தேங்காய் துருவும்போதும் சொன்னார்.

கடைசி இலக்கம், முன்னால் இருப்பவை சரியா என்று சோதிக்க வைத்திருப்பது. அதை அம்மா மறந்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கின்போது அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் இருந்தார். அப்போது சாமான் வாங்க வெளியே போகும் நாள் ஐசியின் கடைசி இலக்கத்தைப் பொறுத்தது. 1, 2 என்றால் திங்கள், 3, 4 செவ்வாய், 5, 6 புதன், 7, 8 வியாழன், 9, 0 வெள்ளி. வீட்டில் ஆருக்கு எந்தக் கிழமை என்று தம்பி தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தான். அம்மாவின் கிழமை அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டது, அதோடு இலக்கமும்.

அந்த நாலு இலக்கத்தையும் இங்கே நான் எழுதவில்லை. ஒருவர் பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா என்பது முழுவதும் அந்த எண்ணைப் பார்த்தாலே வாசிக்கலாம். புது அட்டை கிடைத்த சந்தோசத்தில் அதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து போடாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் அம்மாவைக் குழப்பும். போனில் பேசுகிறவர்கள் எண்ணை இரண்டு இரண்டாகப் பிரித்துத் திருப்பிச் சொல்வார்கள். பத்தொன்பது, ஐம்பத்திநாலு, அறுபத்தெட்டு, முப்பது. பிறந்த நாளைக் காட்டும் 683 நடுவில் முறிந்து, அதன் கடைசியில் உள்ள 3 சைபரோடு போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் அம்மா அந்த இடத்தில் தடுமாறி என்னிடம் போனைத் தந்துவிடுவார்.

போன கிழமை கிளினிக்குக்கு அவரே எடுத்தார். மறுமுனையில் இருந்த பெடியன் அதேபோல "அறுபத்தெட்டு, முப்பது" என்று வாசித்திருக்கவேண்டும்.

"இல்லைத் தம்பி, நான் சொல்லுற மாதிரி எழுதுங்கோ" என்றார் அம்மா. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திநாலு. எழுதீட்டீங்களோ? அறுநூற்றி எண்பத்திமூன்று. இப்ப ஒரு சைபர்."