‘பாசிஃப்’

ஜூலை 8, 2025, செவ்வாய்

காலையில் ஓர் அக்காவுடன் கவுன்சலிங்குக்குப் போனேன். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அக்காவுக்குத் தெரிந்த மலாய், கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்.

“கணவர் அடிக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?”

“ஒண்ணும் செய்ய மாட்டேங்க.”

“தாக் புவாட் அப்பா-அப்பா” என்றேன். மொழிபெயர்ப்பில் தப்பில்லை. ஆலோசகர் ஒரே ஒரு சொல் எழுதினார். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு எதிர்மேசை எழுத்தைத் தலைகீழாகப் படிக்கத் தெரியும். எதிர்க்காமல் அடங்கிக் கிடப்பவள் என்ற பொருளில், ‘பாசிஃப்’.

பினாங்குத் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில் திரும்பும்போது, யாரும் கேட்காமலே அக்கா பேச ஆரம்பித்தார்.

“கீழ மோட்டார் நிறுத்துற சத்தத்துலயே தெரிஞ்சிரும் டீச்சர். நிறுத்துறதுக்கு முன்னால ரெண்டு தடவ முறுக்குனா அன்னைக்குக் குடிச்சிருக்காரு. உடனே கேஸ மூடிருவேன். கத்திய அரிசி வாளிக்குள்ள புதைச்சிருவேன். சின்னவன் கையில கிண்ணத்தக் கொடுத்து, பக்கத்து வீட்டுல புளி வாங்கிட்டு வாடான்னு அனுப்பிருவேன். எங்க வீட்டுல புளி எப்பவும் இருக்கும். அந்தம்மாவுக்கும் அது தெரியும். அவன உக்கார வச்சு டிவி போட்டு விட்ருவாங்க.”

ஐசியை, அதாவது அடையாள அட்டையைப் பற்றியும் சொன்னார். கணவர் இரண்டு முறை எடுத்து ஒளித்துவைத்தாராம். “இப்ப பிளாஸ்டிக் பையில சுத்தி மைலோ டின்னுல, தூளுக்கு அடியில வச்சிருக்கேன். அவரு மைலோ குடிக்க மாட்டாரு.”

ஜூலை 9, புதன்

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

‘அடி வாங்கினாள்’ என்கிறோம், பாசாரில் மீன் வாங்கியதைப் போல. ‘உதை தின்றாள்’ என்கிறோம். அடித்தவன் எங்கே? எழுவாய் எங்கே, எழுவாய் எங்கே என்று பிள்ளைகளின் உயிரை எடுத்தவள் நான். இந்த வாக்கியங்களிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ‘புருஷன் பொண்டாட்டி சண்டை’ இன்னும் மோசம். சண்டை என்றால் இரண்டு கையும் ஓங்கியிருக்க வேண்டுமே.

கனடாவில் ஆலன் வேட், லிண்டா கோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் துருவியிருக்கிறார்கள். பேச்சிலும் அறிக்கையிலும் வன்முறை எப்படி மழுங்குகிறது, செய்தவனின் பொறுப்பு எப்படிக் கரைகிறது, பாதிக்கப்பட்டவரின் எதிர்ப்பு எப்படிக் காணாமல் போகிறது என்று. அன்றாடச் சின்னச் சின்னச் செயல்களில் இருக்கும் எதிர்ப்பைப் பற்றி வேட் 1997-இல் ஒரு கட்டுரை எழுதினார். அடி விழும் இடத்தில் எதிர்ப்பும் இருக்கும், வெளிப்படையாக எதிர்த்தால் அடி கூடும் என்பதால் அது ஒளிந்து நடக்கும் என்பது அவர் வாதம். அரிசி வாளிக்குள் கத்தி.

ஜூலை 13, ஞாயிறு

தங்கச்சி வீட்டில் சாப்பாடு. நண்டுக் கறி அபாரம். அவள் மகன் மனோதத்துவம் படிக்கிறான். அக்காவைப் பற்றி மூச்சு விடாமல், ‘இத்தனை அடிக்குப் பிறகும் ஏன் சிலர் வீட்டைவிட்டுப் போவதில்லை?’ என்று பொதுவாகத்தான் கேட்டேன்.

“ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம், பெரியம்மா” என்றான், நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே. பிடித்துவைத்துக் கொடுமை செய்பவன்மீதே பாசம் வந்துவிடுமாம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமாடா என்றேன். 1973 ஆகஸ்ட், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக் கொள்ளை. நான்கு பேர் பிணை, ஆறு நாள். அவர்களில் ஒருவர் 23 வயது கிறிஸ்டின் என்மார்க். உள்ளிருந்தே பிரதமர் ஓலோஃப் பால்மேவிடம் போனில் பேசினார். போலீஸ் உள்ளே பாய்ந்தால் எல்லாரும் செத்துப்போவோம், கொள்ளையர்களோடு வெளியே போக விடுங்கள் என்று கெஞ்சினார். பணியிடத்திலேயே உயிர்விட்டால் நல்லதுதானே என்ற மாதிரி பால்மே பதில் சொன்னதாக என்மார்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். போலீசுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசாமலே வைத்த பெயர் இது. போலீசைக் குறை சொன்ன பெண் நோயாளி ஆகிவிட்டாள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் இப்படியொரு நோயே கிடையாது.

விடுவானா? செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் சோதனை செய்த நாய்களைப் பேச்சுக்குள் இழுத்தான். ஷாக் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் நாய் ‘முடியாது’ என்று கற்றுக்கொண்டு படுத்துவிட்டதாம். அதே இரண்டு பேரும் 2016-இல் அதைத் திருப்பி எழுதிவிட்டார்களே என்றேன். முடங்கிப்போவது கற்றது இல்லை, மூளை இயல்பாகச் செய்வது; நம் கையிலும் ஏதோ இருக்கிறது என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. போனை எடுத்துத் தேடினான். பிறகு பேச்சில்லை. நான் இன்னொரு கரண்டி கறி போட்டுக்கொண்டேன்.

ஜூலை 18, முதல் ஆடி வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. இரண்டாவது சந்திப்பு.

ஃபெர்ரியில் சொன்னதை ஆலோசகரிடம் சொல்லட்டுமா என்று முதலில் அக்காவிடம் கேட்டேன். “சொல்லுங்க டீச்சர். ஆனா அந்தம்மா வீட்டு நம்பர மட்டும் சொல்லிராதீங்க.”

நான் சொன்னதும், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும் என்றார் ஆலோசகர். முகம் சுருங்கிவிட்டது. நியாயம்தான், இடையில் இருப்பவள் சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. ஆனாலும் சற்று நேரம் பேனாவை உருட்டியவர், கேள்வியை மாற்றினார். “அடி விழும்போது உங்கள் கை எங்கே இருக்கும்?”

“தலைமேல. சத்தம் போட மாட்டேன், பல்லக் கடிச்சுக்குவேன். ரூமுக்குள்ள பெரியவ தூங்குவா. எந்திரிச்சு வந்தான்னா அவளுக்கும் விழும்.”

இதை மலாயில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்தத் தடவை ஆலோசகர் நாலைந்து வரி எழுதினார். முதல் பக்கத்து ‘பாசிஃப்’ அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

அக்கா பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்தபிறகு, அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூக நல இலாகா அதிகாரியே கொடுக்கலாம். போலீஸ் ரிப்போர்ட்கூடத் தேவையில்லை. ஆனால் 7 நாள்தான் செல்லும். அதற்குப் பிறகு இடைக்கால ஆணை வேண்டுமென்றால் போலீஸ் விசாரணை நடக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அதற்காகத்தான் இன்று ரிப்போர்ட் போடப் போனோம்.

என்ன நடந்தது என்று கேட்டார்கள். அக்கா சொன்னதை, அடித்தார், தள்ளினார், பூட்டினார் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆளை வைத்தே மலாயில் சொன்னேன்.

ஐசி கேட்டார் அந்தப் போலீஸ்காரப் பெண். அக்கா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஓரமெல்லாம் பழுப்பாகத் தூள். அந்தப் பெண் விரலால் துடைத்து, மூக்கருகில் கொண்டுபோய், “மைலோவா?” என்றார்.