12 டிகிரியில் தீப்பிடிக்குமா?

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் வாரம் இரண்டு மாலை ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் தொழிற்சாலை ஆப்பரேட்டர்கள், டெக்னீஷியன் பதவிக்குப் போக விரும்புகிறவர்கள். சென்ற பேட்ச்சில் பதினெட்டுப் பேர், அதில் பதினோரு பேர் தமிழர்கள். பாதிப் பேர் பட்டர்வொர்த், பிறை பக்கத்திலிருந்து ஷிஃப்ட் முடிந்த கையோடு வருவார்கள். ஏழு மணிக்கு வகுப்பு என்றால் ஆறே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிடும் ஆட்கள்.

மையம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பன்னிரண்டு வாரத்தில் இவர்கள் வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும், கடைசியில் ஒரு தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பேசவும் எழுதவும் அவர்களுக்கு வேறு வகுப்பு உண்டு. வாசிப்பு மட்டும் என் பொறுப்பு.

வாசிப்பை மட்டும் தனியே எடுத்துச் சொல்லிக்கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பல்கலைக்கழகப் பாடங்கள் மலாய்க்கு மாறிக்கொண்டிருந்தபோது நூலகத்திலிருந்த புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருந்தது. அதற்காகவே 1970களின் பிற்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகம், ஆங்கிலப் பாடநூல்களை வாசிக்கும் திறனுக்கென்று தனித் திட்டம் போட்டுப் பாடங்களை உருவாக்கியது. என் ஆட்களின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். லைனில் பேச்செல்லாம் மலாயும் தமிழும். கைக்கு வரும் காகிதம் ஆங்கிலம்.

எந்தக் காகிதத்தை எடுப்பது என்று அவர்களையே கேட்டேன். மெஷின் அலாரம், வேலைக் குறிப்பு என்று பலவும் சொன்னார்கள். ஆனால் எல்லார் லைனிலும் பொதுவாக இருந்தது கெமிக்கலுக்கான எஸ்டிஎஸ், அதாவது பாதுகாப்புத் தரவுத் தாள். பெரும்பாலான நாடுகளில் ஒரே அமைப்பு, 16 பகுதிகள். இரண்டாவதில் ஆபத்து, நான்காவதில் முதலுதவி, ஏழாவதில் கையாளும் முறை, எட்டாவதில் கையுறை கண்ணாடி, ஒன்பதாவதில் கொதிநிலை போன்ற எண்கள். 2013-ஆம் ஆண்டு விதிமுறைப்படி மலேசியாவில் இது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். "அப்ப மலாயிலேயே படிச்சுக்கலாமே டீச்சர்?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. படிக்கலாம்தான். ஆனால் டெக்னீஷியன் ஆன பிறகு கைக்கு வரும் மற்றக் காகிதங்களுக்கு மலாய்ப் பிரதி கிடையாது. அதனால் மலாய்ப் பிரதியை விடைத்தாள் மாதிரி வைத்துக்கொண்டோம். முதலில் ஆங்கிலத்தை வாசித்துப் பொருள் சொல்வது, அப்புறம் மலாயைத் திறந்து சரிபார்ப்பது.

சர்க்யூட் போர்டு துடைக்க எல்லாரும் பயன்படுத்தும் ஐபிஏ, அதாவது ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொடங்கினேன். அதன் ஃபிளாஷ் பாயிண்ட் ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ். பதினைந்து வருடம் லைனில் இருக்கும் ஓர் அக்கா அந்த வரியை வாசித்துவிட்டு, "12 டிகிரின்னா சூடே இல்லையே டீச்சர். அப்ப இது பத்திக்காது" என்றார். எண் சிறியது, ஆகவே ஆபத்தும் சிறியது என்று எடுத்துக்கொண்டார். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை நான் உடனே சொல்லவில்லை. ஃபிளாஷ் பாயிண்ட்டுக்கான ஆங்கில விளக்கத்தைப் பலகையில் எழுதினேன். ஒரு திரவத்திலிருந்து, பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் மிகக் குறைந்த வெப்பநிலை. அதிலிருந்த "லோவஸ்ட்" என்ற சொல்லின் கீழ் மட்டும் கோடு போட்டுவிட்டு, சுவரில் இருந்த ஏர்கோன் ரிமோட்டைக் காட்டினேன். 23 என்று இருந்தது. அக்கா ரிமோட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இப்பவே தாண்டிடுச்சா?" என்றார். தாண்டித்தான் இருந்தது. ஒரு பொறிதான் பாக்கி. அவர் லைனில் பக்கத்து மேசையில்தான் சால்டரிங் நடக்கிறது.

அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த வரியில் அவருக்குத் தெரியாத சொல் எதுவும் இல்லை. சொல்லெல்லாம் தெரிந்தும் வரி பிடிபடவில்லை. அதனால் சொற்பட்டியல் மனப்பாடத்தைக் குறைத்துவிட்டு, அர்த்தத்தைத் திருப்பிப் போடும் சின்னச் சொற்களில் நேரத்தைச் செலவழித்தேன். "மே", அதாவது தமிழில் "-லாம்", என்று வந்தால் பாதிப் பேர், "வந்தாலும் வரும், பெருசா ஒண்ணுமில்ல" என்று கடந்துவிடுவார்கள். ஆனால் எஸ்டிஎஸ்ஸில் உயிரே போகலாம் என்பதற்கும் அதே "மே"தான்.

அதைவிடச் சிரமம் "அன்லெஸ்". மருத்துவர் சொன்னாலொழிய வாந்தி எடுக்க வைக்காதே என்று தமிழில் நிபந்தனை முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் "செய்யாதே" முதலில், நிபந்தனை கடைசியில். அவசரத்தில் வாசிக்கிறவர் முன்பாதியோடு நின்றுவிடுவார். "அன்லெஸ்ஸைக் கண்டால் விரல் வைத்து, அதற்குப் பின்னால் இருப்பதை முதலில் வாசி, அப்புறம் முன்னால் வா" என்று சொல்லிக்கொடுத்தேன். இலக்கண விளக்கத்தைவிட இந்த விரல் வேலை செய்தது. தமிழில் "ஒழிய" போட்டுச் சொல்லிப் பார்த்தவர்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டது.

சரி, தேர்வுக்கு வருகிறேன். ஆறாவது வாரம் வைத்த முதல் தேர்வு மோசமாகப் போனது, முழுக்க என் தவறு. தமிழ்ப்பள்ளியில் நாம் எழுதிய கருத்துணர்தல் கேள்வி மாதிரியே போட்டிருந்தேன்: ஐபிஏ பத்தி, கீழே இருபது கேள்வி, ஆங்கில வாக்கியத்தில் பதில். வகுப்பில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் வேண்டிய வரியை விரலால் தொட்டுக் காட்டும் ஓர் அண்ணன் இருபதுக்கு ஒன்பதுதான் எடுத்தார். அவர் விடைகளைத் திரும்பப் பார்த்தேன். கருத்து பெரும்பாலும் சரி. வாக்கியப் பிழைக்கும் எழுத்துப் பிழைக்கும் அரை அரையாக நான் வெட்டியிருந்தேன். வாசிப்புத் தேர்வு என்று பெயர் வைத்து எழுத்தைச் சோதித்திருக்கிறேன். அவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனது இரண்டு நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. என் தம்பிக்குக் கணக்குத் துறையில் வேலை. அவனிடம் பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் கொடுத்தேன். பன்னிரண்டு சரி. வகுப்பில் இல்லாத ஓர் ஆப்பரேட்டர், அதேபோல் பத்தி இல்லாமல், பதினான்கு. வாசிக்காமலேயே பாஸ் ஆகிற தேர்வு.

அனுபவத்தால் பதில் சொன்னால் என்ன குறை என்று கேட்கலாம். வேலை இடத்தில் அதுவும் வாசிப்பின் பங்குதான். வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸிலேயே 1989 முதல் 1995 வரை துறைவாரியாக வேறு வேறு வாசிப்புத் தாள்கள் இருந்தன. அந்தத் தாள்களை வைத்து மொழித் தேர்வு ஆய்வாளர் கரோலின் கிளாப்ஹம் செய்த ஆய்வில், துறை அறிவு எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவவில்லை. மொழி மிகக் குறைவாக உள்ளவரால் அந்த அறிவைப் பயன்படுத்த முடியவில்லை, நடுத்தரமானவருக்கே அது கைகொடுத்தது. 1995-க்குப் பிறகு ஒரே தாள் ஆகிவிட்டது. என் ஆட்கள் அந்த நடுத்தரத்தில் இருப்பவர்கள். பழக்கமான கெமிக்கலைக் கொடுத்தால் அனுபவம் வாசிப்பை மறைத்துவிடும். நாளைக்குப் புது டிரம் வந்து இறங்கும்போது அந்த அனுபவம் துணைக்கு வராது.

அதனால் இரண்டாவது தேர்வுக்கு அவர்கள் லைனில் இல்லாத டொலுவீன் என்ற கரைப்பானை எடுத்தேன். பத்தி வெட்டாமல் முழு எஸ்டிஎஸ்ஸையும் கையில் கொடுத்தேன், வேலையில் அப்படித்தானே கிடைக்கிறது. கேள்விகளெல்லாம் ஒரு சம்பவமாக இருந்தன. ஒன்று இப்படி: உங்கள் பக்கத்தில் வேலை செய்பவர் இதைத் தவறுதலாகக் குடித்துவிட்டார். சூப்பர்வைசர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்கிறார். செய்வீர்களா? எந்தப் பகுதி, எந்த வரி?

உப்புத் தண்ணீர் நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் வைத்தியம். டொலுவீன் விஷயத்தில் அது ஆளையே கொன்றுவிடலாம், வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். தாளை வாசித்தவருக்கு மட்டுமே சரியான பதில் கிடைக்கும். இந்த ஒரு கேள்வியைச் செதுக்க எனக்கு மூன்று இரவு ஆனது.

பதில் எந்த மொழியிலும் எழுதலாம் என்றேன். மையத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆங்கிலத் தேர்வில் தமிழில் பதிலா?" என்றார்கள். அந்த அண்ணனின் பழைய தாளையே எடுத்துக்கொண்டு போனேன், பெயரை மறைத்துவிட்டு. கருத்துக்கு மட்டும் போட்டால் எவ்வளவு வரும் என்று அங்கேயே உட்கார்ந்து திருத்திக் காட்டினேன். பதினேழு வந்தது. இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். அது நல்ல நிபந்தனை. தமிழும் மலாயும் வாசிக்கத் தெரிந்த ஒரு தோழியைப் பிடித்தேன்.

திருத்திய பிறகு ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தோம். அதிக மதிப்பெண் எடுத்த ஆறு பேரில் எத்தனை பேர் சரி, குறைவாக எடுத்த ஆறு பேரில் எத்தனை பேர் சரி என்று எண்ணினாலே போதும், கேள்வியின் குணம் தெரிந்துவிடும். காற்றோட்டம் பற்றிய கேள்வி ஒன்றில் கீழே உள்ளவர்கள் ஐந்து பேர் சரி, மேலே உள்ளவர்கள் இரண்டே பேர். முதலில் குழம்பினோம். பார்த்தால், நான் எட்டாம் பகுதியை மட்டும் விடையாக வைத்திருந்தேன். நன்றாக வாசித்தவர்கள் ஏழாம் பகுதியிலும் அதே விஷயத்தைக் கண்டுபிடித்து அதை எழுதியிருந்தார்கள். இரண்டும் சரிதான். விடைப்பட்டியலைத் திருத்தி எல்லாருக்கும் மறுபடி கூட்டினோம்.

அண்ணனுக்கு இந்த முறை பதினெட்டு. உப்புத் தண்ணீர்க் கேள்வியில் ஏழு பேர் தவறு செய்திருந்தார்கள். அவர்களை மட்டும் உட்காரவைத்து அந்த வரியைத் திரும்ப வாசிக்க வைத்த பிறகே சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஃபிளாஷ் பாயிண்ட் அக்கா அதற்குச் சரியாக எழுதியிருந்தார்: "கொடுக்க மாட்டேன். பகுதி 4. டாக்டர் சொன்னாலொழிய கூடாது."

வகுப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. லைனுக்கு அசிட்டோன் வந்திருக்கிறது, அதன் எஸ்டிஎஸ்ஸில் ஒன்பதாம் பகுதியில் ஓர் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். "டீச்சர், இதுல மைனஸ் 20 போட்டிருக்கு. ஐபிஏவைவிட மோசம்தானே? சால்டரிங் மேசைய தள்ளி வைக்கச் சொல்லிட்டேன்."

ஆமாம் அக்கா, மோசம்தான் என்று பதில் போட்டேன்.