பெரியப்பாவின் மக் பிளொப்பிகளைத் திறந்தெடுத்த கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய பிளொப்பியை, அதாவது கணினிக் கோப்புகளைப் பதிந்துவைக்கும் அந்தக் காலத்துச் சின்னக் காந்த டிஸ்க்கைக் கடையில் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் மூலையில் இருக்கும் சின்னத் தாழைத் தள்ளி, துளை தெரியும்படி வைத்துவிட்டுக் கொடுங்கள். அந்தத் துளை திறந்திருந்தால் டிரைவ் அதில் எதையும் எழுதாது. வவுனியாவில் ஒரு கடையில் "டிஸ்க் பழுது, ஃபோமட் பண்ணினால் சரிவரும்" என்று சொல்லி, என்னிடம் கேட்காமலே ஒன்றை அழித்துவிட்டார்கள். பெரியப்பா ஊர் ஊராகத் திரிந்து எழுதியெடுத்த அரிவிவெட்டுப் பாட்டுகள் அதில் இருந்தன. மனம் இன்னும் ஆறவில்லை.

பெரியப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் அச்சக வேலை பார்த்தவர். முல்லைத்தீவுப் பக்கத்து வயல் பாட்டுகளை அங்கிருந்த ஆப்பிளின் மக்கின்டோஷ் (மக்) கணினியில் தட்டி வைத்தார். பிளொப்பிகள் வவுனியாவில் பெரியம்மாவின் அலுமாரியில் கிடந்தபடியால்தான் தப்பின. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் 2009க்கு முன்னமே வீட்டோடு போயிருக்கும்.

தாழுக்கு எதிர்ப்பக்க மூலையிலும் துளை உள்ளவை 1.44 எம்பி. அவை யூஎஸ்பி டிரைவில், லினக்ஸில் சிக்கலில்லாமல் திறந்தன. அந்தத் துளை இல்லாத 800 கேபி டிஸ்க்குகள்தான் உயிரை வாங்கின. போட்டவுடன் விண்டோஸ் "ஃபோமட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை. சாதாரண பிசி டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று என ஒரே வேகத்தில் சுற்றும். டிஸ்க்கில் தரவு வட்ட வட்டமான தடங்களில் இருக்கும்; அந்தக் காலத்து மக் டிரைவ் வெளித்தடங்களில் மெதுவாகவும் உள்ளே போகப்போக வேகமாகவும் சுற்றும். வெளித்தடத்தில் 12 பகுதிகள், உள்தடத்தில் 8. தரவை எழுதும் முறையும் வேறு. யூஎஸ்பி டிரைவுக்குள் இருக்கும் மின்னணுச் சிப்புக்கு இது விளங்காது, எந்த மென்பொருளைப் போட்டாலும் பலனில்லை. இதை யாராவது முதலே சொல்லியிருந்தால் வேறு வேறு யூஎஸ்பி டிரைவுகள் எடுப்பித்த காசு மிஞ்சியிருக்கும்.

கைகொடுத்தது கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை. அது கோப்பைத் தேடாது. டிஸ்க்கின் மேலுள்ள காந்த மாற்றங்களின் நேர இடைவெளியை அப்படியே பதிவுசெய்யும், மக் கணக்கில் பிரிப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பழைய மேசைக் கணினியில் இருக்கும் 34 கம்பி நாடாவால் இணைக்கும் பிளொப்பி டிரைவ் வேண்டும். அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடுத்தேன்.

டிரைவில் போடுமுன் டிஸ்க்கின் தகட்டு மூடியை விலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். எங்கள் மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இராது. வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அப்படியே ஓட்டாதீர்கள்; அது டிரைவின் வாசிக்கும் தலையில் ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் சுரண்டிவிடும். நான் கூட்டைப் பிரித்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, காயவிட்டுப் போட்டேன். டிரைவின் தலையையும் இடைக்கிடை துடைத்தேன்.

டிஸ்க்கின் பிரதி கணினிக்கு வந்ததும் அடுத்த தடை. இன்றைய மக்குகளில் அதைத் திறக்க முடியாது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கப் பழைய மக்குகள் பாவித்த எச்எஃப்எஸ் வடிவத்தை ஆப்பிள் 2019இல் கட்டலினா என்ற இயங்குதளத்தோடு முற்றாகக் கைவிட்டது. லினக்ஸில் எச்எஃப்எஸ்யுட்டில்ஸ் என்ற மென்பொருள் வேலை செய்தது. அதிலிருந்து கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது மக்பைனரி வடிவில் எடுங்கள்; மக் கோப்பின் இரண்டு கிளைகளையும் அது ஒன்றாகக் கட்டிவைக்கும். எழுத்துருக் கோப்பின் உள்ளடக்கம் ரிசோர்ஸ் கிளை என்ற இரண்டாவது பாகத்தில் இருக்கிறது. சாதாரணமாகப் பிரதி எடுத்தால் வெறும் பெயர்தான் மிஞ்சும்.

பெரியப்பா தட்டிய மக்ரைட் (பழைய மக்கின் எழுத்துச் செயலி) கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை! பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவாக இருக்கும் என்று யூனிகோடு மாற்றியில் போட்டால் அதைவிடக் குப்பை. பெரியப்பா பாவித்தது வேறொரு எழுத்துரு. டிஸ்க்கிலிருந்தே எழுத்துருவை எடுத்து, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டவணை போட்டேன். எழுத்துக்கு முன்னால் வரும் கொம்புதான் (ெ) கூடப் பாடுபடுத்தியது. பழைய முறையில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டுவார்கள், யூனிகோடில் அது தலைகீழ். "கொ" மூன்று துண்டாகக் கிடக்கும். இடம் மாற்றிச் சேர்க்க ஒரு சின்ன நிரல் எழுதியபின்தான் முதல் வரி தமிழாக வந்தது. அன்று எழும்பி நின்று கை தட்டினேன்.

சில தடங்கள் இன்னும் வாசிபடவில்லை. அதனால் கிரீஸ்வீசல் எடுத்த மூலப்பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள். பாட்டுகளைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "அந்த வரி அப்படி இல்லையடா தம்பி" என்று ஓரிடத்தில் திருத்தினார். அவர் பாடிக் காட்டியதையும் அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிட்டேன்.