ஒரு பக்கெட் புழு

அந்த அக்காவுக்கு ஒரு பக்கெட் புழுவை நான் ஏன் கொடுக்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு யார் கேட்டாலும் அதைச் சொல்வேன். ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் திருப்பிக் கேட்ட கேள்வி மாதக்கணக்காக என்னை விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

குப்பையைத் தின்னவைத்துப் புழு வளர்த்து, அதைத் தீவனத்துக்கு விற்கிற எங்கள் யூனிட்டுக்குக் கோயம்பேட்டிலிருந்து காய்கறிக் கழிவு வரும், சில அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து சமையலறைக் கழிவும் வரும். அரைத்துக் கூழாக்கி ட்ரேயில் ஊற்றி, பிளாக் சோல்ஜர் ஈயின் குஞ்சுப் புழுக்களை விட்டால் இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். பிரச்சினை எப்போதும் அடுக்குமாடி லோடில்தான். மார்க்கெட் லோடில் மிஞ்சிப்போனால் சணல் கயிறும் வாழைத்தண்டும் இருக்கும். தண்டைப் புழு சீக்கிரம் தின்னாது, ஒதுக்கிவிடலாம். வீட்டுக் குப்பையில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த அக்கா பிரிக்கிற மேஜையில் நிற்பவர். எல்லாருக்கும் கையுறை கொடுத்திருக்கிறோம், அவர் பாதி நேரம் வலது கையுறையைக் கழற்றிவிடுவார், போட்டுக்கொண்டு தேடினால் சின்னச் சாமான் கைக்குத் தட்டுப்படாது என்பார். சாம்பார் சாதத்தோடு பிசைந்து கிடக்கும் ரப்பர் பேண்ட், ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை, ஊக்கு, எல்லாம் அவர் விரலுக்குத் தப்பாது. அன்றைக்கு எடுத்தது ஒரு பழைய கார்ட்லெஸ் போன் பேட்டரி. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் பிரிந்து, ஒரு முனையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. "இது எப்டி வந்துச்சு பாரு தம்பி" என்று காட்டிவிட்டுத் தனி டப்பாவில் போட்டார். மீதி கழிவு அரைக்கப் போய்விட்டது. அந்த ட்ரேக்களின் அட்டையில் நான் ஒரு குறி போட்டு வைத்தேன்.

அந்தக் காலத்து கார்ட்லெஸ் போன் பேட்டரிகளில் நிறைய நிக்கல் காட்மியம் வகை. காட்மியம் ஒரு நச்சு உலோகம். இந்தப் புழு கிட்டத்தட்ட எதைப் போட்டாலும் தின்னும், பல பூச்சிமருந்துகள் அதன் உடம்பில் பெரிதாகத் தங்குவதில்லை என்றுகூட ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் காட்மியம் அப்படியில்லை, தின்ற கூழில் இருப்பதைவிட அதிகமாகப் புழுவின் உடம்பில் சேர்ந்துவிடும். இது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ட்ரேக்களிலிருந்து புழுவைச் சலித்தெடுக்கிற நாளில் அக்கா பக்கெட்டோடு வந்தார்.

"தம்பி, இதுல ஒரு பக்கெட் குடேன். வூட்ல நாலு கோழி நிக்குது, இத போட்டா நல்லா முட்டை வைக்கும்னு சொல்றாங்க."

"இந்த பேட்ச் வேணாம்க்கா. நீங்க பேட்டரி எடுத்தீங்கள்ல, அந்த லோடு இது. கோழி தின்னு, முட்டையில வந்து, வூட்ல பசங்கதான சாப்பிடும்."

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். "அப்ப மூட்டை கட்டி அனுப்புறியே, அது எங்க போவுது?"

"மீன் தீவனத்துக்குக்கா."

"அந்த மீன யாரு துன்றது?"

அதற்கெல்லாம் டெஸ்ட் இருக்கிறது என்றேன். "சரி தம்பி" என்று சல்லடைப் பக்கம் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சொன்னது பொய்யில்லை. சாம்பிள் லேபுக்குப் போனது, அளவுக்குள்தான் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது, அதற்கு அப்புறம்தான் மூட்டை வெளியே போனது. தீவனக் கம்பெனி இதைக் காயவைத்து அரைத்து மற்ற பொருட்களோடு ஒரு பங்காகத்தான் சேர்க்கும். அக்கா வீட்டுக் கோழியோ கலப்பில்லாமல் அப்படியே கொத்தித் தின்னும். இரண்டும் ஒன்றாகிவிடாது. அவர் கேட்டபோது ரிப்போர்ட்டும் வந்திருக்கவில்லை. இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம், ராத்திரி படுத்தால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அந்த சாம்பிளை எடுத்தது நான். சில ட்ரேக்களில் கரண்டியால் அள்ளிப் பையில் போட்டேன். பேட்டரிப் பொடி கொட்டியிருந்தால் அது கூழில் சமமாகப் பரவியிருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு ட்ரேயில் மொத்தமாக விழுந்து, நான் அள்ளாத ட்ரே அதுவாகவே இருந்திருந்தால்? இல்லை, பேட்டரி அரவைக்குப் போவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது, எதுவுமே கொட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போது அக்காவுக்கு ஏன் இல்லை என்றேன்? ஆபத்து என்றால் இரண்டு இடத்துக்கும் ஆபத்து, இல்லை என்றால் இரண்டு இடத்துக்கும் இல்லை. நான் இரண்டையும் ஒரே நாளில் நம்பியிருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017இல் பூச்சிப் புரதத்தை மீன் பண்ணைத் தீவனத்துக்கு அனுமதித்தார்கள், 2021இல் கோழிக்கும் பன்றிக்கும். ஆனால் அந்தப் பூச்சிகளுக்குச் சமையலறை மிச்சத்தைப் போடக் கூடாது என்பது அங்கே விதி. மாட்டுக்கு இறைச்சி எலும்புத் தூளைப் போட்டு, பைத்தியக்கார மாட்டு நோய் பரவி, மனிதர்கள் செத்த பிறகு வந்த பயம் அது. முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. குப்பையைத் தின்னத்தானே இந்தப் புழு, தானியத்தைப் போட்டு வளர்த்தால் ஊருக்கு என்ன பிரயோஜனம்? இந்த நகரத்தில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு பற்றி நாள்கணக்கில் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஈரக் குப்பை அங்கே போய்ச் சேராமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ட்ரேக்குப் பக்கத்தில் குனிந்தால் புழுக்கள் தின்கிற சத்தம் அரிசி பொரிகிற மாதிரி கேட்கும், அதைக் கேட்கும்போதெல்லாம் நாம் ஏதோ உருப்படியாகச் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றும், இப்போதும் தோன்றுகிறது. அக்கா கேட்ட பிறகு அந்த விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். எரிச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் அதை எழுதியவர்களும் அந்த மீனை யார் தின்பது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, வீட்டுக் கழிவில் வளர்ந்த புழுவைத் தீவனத்துக்குக் கொடுக்காமல், புழு தின்றது போக மிஞ்சுகிற எருவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எருவிலும் காட்மியம் கொஞ்சம் தங்கும்தான், அது வேறு கதை. ஆனால் காசு புழுவில்தான் இருக்கிறது. புழுவை விற்காமல் மேஜையில் நிற்பவர்களுக்குச் சம்பளம் வராது, அக்காவுக்கும்தான். இதை அவரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று யோசித்திருக்கிறேன், சொன்னதில்லை.

மார்க்கெட் லோடில் வளர்ந்த புழுவை ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கினேன். அக்கா முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பக்கெட்டை நீட்டுவதற்கு முன்னால் "எந்த லோடு?" என்று கேட்பார், நான் அட்டையைக் காட்டுவேன். வாங்குகிற கம்பெனியிலிருந்து வருபவர்கள் புரதம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கேட்கிறார்கள், லோடைப் பற்றிக் கேட்டதில்லை. மூட்டைச் சீட்டிலும் எந்தக் கழிவு என்று எழுதியே அனுப்பலாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதினால் விலையைக் குறைப்பார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.